கிழக்குப் பக்கம் எது

நாளிதழில் போட்டிருந்தார்கள்:
கிரகணத்தோடேயே நிலவு எழும்,
மணி ஏழு முப்பத்திரண்டு,
கிழக்கு அடிவானம் மறைக்காத இடமாகப் பார்த்து நிற்கவும்.

மறைக்காத இடம் என்றால் கடல்தான்.
இரண்டு ரிங்கிட்டுக்குக் கால்மணி நேரக் கடல்
எங்களிடம் இருக்கிறது.

அதனால் ஏழரை மணி ஃபெரியில்
வேலைவிட்டுப் போகிறவர்களோடு
முக்காலிகள், தொலைநோக்கிகள், தோளில் தூக்கிய பிள்ளைகள்.
கயிறு கட்டுகிறவன் நான்.
தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும்
என்னிடமே வந்து கேட்டார்கள்
கிழக்கு எந்தப் பக்கம் என்று.
பதினோரு வருடமாக
போகிற பக்கம், வருகிற பக்கம் தவிர
வேறு பக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.
பட்டர்வொர்த்தான் கிழக்கு என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

புனிதமலர் மட்டும் கேட்கவில்லை.
ஏழு மாத வயிறு.
பிறை என்று பேர் வைத்த ஊரில்
பௌர்ணமியன்றும் அவளுக்கு நைட் ஷிப்ட்.
"உள்ளேதான் இருக்கேன் அத்தை, கதவெல்லாம் சாத்தியாச்சு"
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்று
இஞ்சின் இரைச்சலைக் கையால் பொத்திப் பேசினாள்.
வைத்துவிட்டு என்னிடம்:
"எனக்கு நம்பிக்கை இல்லண்ணே.
ஆனா பிள்ளைக்கு உதட்டுல ஒரு கோடு விழுந்தாலும்
காலம்பூரா இந்த ஃபெரியத்தான் சொல்லிக் காட்டுவாங்க."

ஏழு முப்பத்திரண்டு.
ஒன்றும் எழவில்லை.
எழுந்திருக்கலாம், தெரியவில்லை.
கொம்தாருக்குப் பின்னால் வெயில் இன்னும் மிச்சமிருந்தது.
சென்ட்ரல் கூரைக்கு மேல்
விளக்காத அலுமினியக் குண்டான் நிறத்தில் வானம்.
"அங்கேதான் இருக்கு," முக்காலிப் பையன் சத்தியம் செய்தான்,
"வெளிச்சம் போனாத்தான் தெரியும்."

"அதோ!" என்று ஒரு சிறுமி கீழே காட்டினாள்.
சிவந்து, உருண்டையாய், அலையில் ஏறி இறங்கி
ஒரு ஆரஞ்சுப் பழம்.
சாப் கோ மே இரவுக்கு யாரோ முந்திக்கொண்டு
மார்க்கரில் நம்பர் எழுதிக் கடலில் விட்டது.
நம்பரைப் படிக்க இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வானொலியில் பாங்கு ஒலித்ததும்
சுஹைமி டப்பாவைத் திறந்தான்.
நோன்பு இல்லாத எனக்கும் ஒரு பேரீச்சை, வழக்கம்போல.
தெரியாத நிலவுக்குக் காத்திருந்து பழகியவன்;
அவன் மட்டும் வானத்தை அவசரப்படுத்தவில்லை.

பட்டர்வொர்த்தில் பாதிப் பேர்
நாளிதழைத் திட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

எட்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தோம்.
இப்போது கிழக்கு எங்களுக்கு முதுகுப் பக்கம்.
கரை விலக விலக
பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.
கூரைக்கு நாலு விரல் மேலே,
ஈரச் சட்டையை ஆணியில் மாட்டினால்
துரு இறங்குமே, அந்த மாதிரி ஒரு வட்டம்.
எவ்வளவு நேரமாக அங்கேயே இருந்ததோ.

ஜெட்டி விளிம்பில் புனிதமலர்
ஃபேக்டரி வேனுக்காக நின்றாள்,
நிலவுக்கு முதுகும் எங்களுக்கு முகமுமாக.
நிமிர்ந்த தாடைகள், மூட மறந்த வாய்கள்,
உயர்த்திப் பிடித்த கைபேசிகள்:
கிரகணம் எங்கள் மேல் எப்படிப் பிடிக்கிறது என்று
அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு கையைத் தூக்கி விரல்களை விரித்தாள்.
விட்டுடுச்சா?

பையனைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிடம் என்றான்.
ஒரு நிமிடத்தில் கடல் கொஞ்சம் அகலமானது.
அப்புறம் கீழ் ஓரத்தில்
கண்ணைக் கூசும் ஒரு வெள்ளைப் பொட்டு.
கட்டைவிரலை உயர்த்தி
நகத்தின் நுனியை மட்டும் தொட்டுக் காட்டினேன்.
இவ்வளவு.
அத்தனை தூரத்தில் என் நகம் எப்படித் தெரியும்?
தலையை ஆட்டினாள்.

வேனின் விளக்கு அவள்மேல் விழுந்தது.
ஏறும்முன் ஒருமுறை திரும்பி மேலே பார்த்தாளா,
பையைத் தோள் மாற்றினாளா,
வேகம் எடுத்துவிட்ட படகிலிருந்து சொல்ல முடியவில்லை.

விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு
தீவு எங்களை நோக்கி வந்தது.
"அண்ணே, அடுத்தது எப்போ?"
என் பின்னால் யாரோ.
எட்டு இருபதுக்கு என்றேன்.