காற்று நின்ற நேரம்

உப்பு லாரிகள் திரும்புகிற திடலில்
சுண்ணாம்பு வட்டம்.
நடுவே சவுக்குக் கம்பம், நாலு டியூப் லைட்,
ஒன்று மட்டும் கண்ணடித்துக்கொண்டே.
மைக்கில் கருமலையான் அள்ளி விடுகிறான்:
"சுத்துற சக்கரம் சாயாது தாய்மாரே,
சுத்துற பம்பரம் சாயுதா? அதே கணக்குத்தான்!"

அதே கணக்கில்லை கருமலை.
தண்ணிக்குடம் சுமந்து நடக்கிறவளின் வேகம்கூட
என் சக்கரத்துக்குக் கிடையாது.
நான் முன்னால் விழுகிறேன்,
விழுந்து முடிப்பதற்குள்
சக்கரத்தை எனக்கடியில் கொண்டுவந்து வைக்கிறேன்,
மறுபடி விழுகிறேன்.
ஒரு வட்டத்துக்கு எத்தனை தடவை என்று
எண்ணிப் பார்த்தேன் ஒருநாள்.
எழுபதோடு விட்டுவிட்டேன்.

விளக்குமாறு உள்ளங்கையில் நிற்கும்.
தீக்குச்சி நிற்காது.
நெட்டையானது மெதுவாகச் சாயும்,
கைக்கு யோசிக்க நேரம் தரும்.
அதற்காகத்தான் இந்த ஆறடித் தண்டு, நீளச் சங்கிலி.
கீழே இருப்பவர்களுக்கு இது துணிச்சல்.
எனக்கு அவகாசம்.
(விழுந்தால் ஆறடிதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.)

நாலாவது உருப்படி, அசையாமல் நிற்பது.
அரைச்சுற்று முன்னே, அரைச்சுற்று பின்னே,
சக்கரம் தொட்டில் போல ஆடும்.
மேலே நான் சிலை. தலையில் சோடா பாட்டில்.
கூட்டம் பாட்டிலைப் பார்த்தது.
ஐஸ் கம்பெனிக் கையுறையோடு வந்த ஒருத்தி மட்டும்
என் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
வள்ளத்தில் நின்று வலை இழுத்தவளாக இருக்கும்.

கை வீசுவது அழகுக்கில்லை.
வலப்பக்கம் கையைச் சுழற்றினால்
இடுப்பு இடப்பக்கம் திரும்பும்.
கைமாற்றுக் கடன்.
அடுத்த நொடியே திருப்பிக் கொடுத்தாகணும்.

நாள் முழுக்கக் கச்சான்.
அதன் மேல் தோளைச் சாய்த்து,
ஒரு சாண் மேற்கே வளைந்தபடிதான்
ஓட்டிக்கொண்டிருந்தேன்.
எட்டரை மணிக்கு கரண்ட் போனது.
பேசி வைத்தது போல
காற்றும் போனது.

இருட்டு பழக்கம்தான்.
அடிக்கிற காற்றும் பழக்கம்தான்.
அடித்துக்கொண்டிருந்தது சட்டென்று நின்றால்
சாய்ந்திருந்த சுவரை
யாரோ உருவிக்கொண்ட மாதிரி.

மேற்கே போகிறேன், உடம்பு முழுக்க.
கிழக்கே இழு என்கிறது பயம்.
இழுத்தால் தரை.
விழுகிற பக்கமே சக்கரத்தைத் திருப்பு,
விழுகையை முந்திக்கொண்டு போ.
தாடை எலும்பு அதிர நாலு மிதி.
அடியில் வந்து சேர்ந்தது சக்கரம்.

பாட்டில் உடைந்த சத்தம் பின்னால் எங்கோ.

இனிக் கண்ணுக்கு ஒரு புள்ளி வேண்டும்,
எட்டத்தில், நகராத புள்ளி.
தெற்கே கடலில் ஒரு வெளிச்சம்.
அதைப் பிடித்துக்கொண்டேன்.
மிதி. மிதி. மிதி.
டயருக்கடியில் கரகரவென்று நொறுங்கியது உப்பு.
வட்டத்துக்குள் உப்பு ஏது என்று
தோன்றவே இல்லை.

கரண்ட் வந்தபோது
கோட்டைத் தாண்டி நாற்பதடி வெளியே நிற்கிறேன்,
உவர்ப்பு வீசுமென்று
யாரும் உட்காராத கடல் பக்கம்.
பின்னால் ஒரு வளைந்த தடம்.

கையுறைக்காரிதான் முதலில் வந்தாள்.
"எதப் பாத்துப் போனே?"
காட்டினேன். வெளிச்சம் இப்போது வேறெங்கோ இருந்தது.
"அது எங்க சீனி காக்கா வள்ளம்ல.
நண்டு வலைக்குப் போறாரு."
சிரித்தாள். நானும்.
"சரி, இதுலருந்து எறங்குறது எப்புடி?"
அதை மட்டும் யாரும் கேட்டதில்லை.
சக்கரத்தைப் பின்னால் விழவிட்டு
முன்னால் குதித்துக் காட்டினேன்.
முழங்கால் கொஞ்சம் நடுங்கியது,
அவள் பார்த்துவிட்டாள்.

வசூல் நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு பை நண்டு.
ஆரக்கம்பிகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன்.
நாளை மூக்கையூர். அங்கே திடல் கிடையாது, மணல்.
டயர் பாதி தளர்ந்தால்தான் மணல் விழுங்காது.
வால்வை நகத்தால் அழுத்தினேன்.
உஸ்ஸென்று வெளியே வந்தது
முந்தாநாள் ஏர்வாடியில் அடித்த காற்று.