மூன்று மணிக் கட்டம்

சனி விடியல், ஐந்தேகால்.
ஹாகன் நகரின் வெறுந்தெருவில்
சிவப்பு மனிதன் விறைத்து நிற்கிறான்.
கார் இல்லை. காரின் சத்தம்கூட இல்லை.
கம்பத்தில் அறைந்த தகடு சொல்கிறது:
பிள்ளைகள் பார்க்கிறார்கள், சிவப்பில் நில்லுங்கள்.
பிள்ளைகள் எல்லாம் போர்வைக்குள்.
இருந்தும் நிற்கிறேன்,
சப்பாத்துக்குள் ஈரம்,
விரலெல்லாம் ப்ளீச் மணம்.

எதிர்ப்பக்கம் ஒருவர்,
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
அவரும் நிற்கிறார்.

மருத்துவமனை ஓய்வறையில்
நாளொன்றுக்கு ஒரு பொன்மொழி
கிழிக்கக் கிழிக்க வரும் நாட்காட்டி.
விளக்கைப் பிடித்தவன் முதலில் நடக்கட்டும் என்றது திங்கள்.
செவ்வாய் சொன்னதில் காப்பி சிந்திவிட்டது.
கிழித்த தாள்களைக் கெட்லர் அம்மா சேர்த்து வைப்பார்.
பின்பக்கத்தில் கடைச்சாமான் எழுதலாம்.

புரட்டாதியில் என்னைக் குழுத்தலைவி ஆக்கியபோது
அவர் தந்தது ஒரே சொல்: ஃபோர்பில்ட்.
வீட்டுக்கு வரும் பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன்.
முன் என்று ஒரு பாதி, படம் என்று ஒரு பாதி.
முன்னால் மாட்டிய படம்.
படத்துக்கு முழங்கால் நோகாது.

நம்மிடம் இதற்கு மாடு பூட்டிய சொல் இருக்கிறது,
முன் ஏர் போன வழியே பின் ஏர்.
ஏரைத் தொட்டே அறியாத என் வாய்க்கு
அது சும்மா வரும்.

செலாம் புதிதாய் வந்தபோதும்
வாயால்தான் சொல்லிக்கொடுத்தேன்.
கதவுப்பிடியை இரண்டு தரம் துடை.
கட்டில் கம்பியின் அடிப்பக்கத்தை மறக்காதே.
கழிப்பறை மணிக்கொரு தரம்,
பார்த்த பிறகு கையொப்பம்.
ஆறு கிழமை தலையாட்டினாள்.
அவள் டொச் அரைகுறை, என் டொச்சும் அப்படியே.
வாயை விட்டுவிட்டு
கையைப் பார்த்திருக்கிறாள்.

போன வியாழன், ஒன்றரை மணி.
மூன்றாம் மாடிக் கழிப்பறைக் கதவில்
இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணிக் கட்டங்கள்
ஏற்கெனவே நிரம்பியிருந்தன.
எழுத்து அவளுடையது.
வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் வாலாய் ஒரு சுழிப்பு,
அது என்னுடையது.
படியேற முடியாத இரவுகளில்
முன்கூட்டியே போட்டுவைத்த என் அவசரம்
இன்னொருத்தி கையில் அச்சு அசலாய்.

திட்டத்தான் போனேன்.
ஊருக்கடி உபதேசம் என்று
நாக்கே என்னைக் கடித்தது.
தண்ணீர் குடித்தாயா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

சிவப்பு மனிதன் இன்னும் அசையவில்லை.
தொப்பிக்காரர் என்னைப் பார்க்கிறார்,
நான் அவரை.
நான் இறங்கினால் அவர் இறங்குவார்.
அவர் நிற்பதால்தான் நான் நிற்கிறேனோ.
முன் ஏர் எது, பின் ஏர் எது,
ஒன்றையொன்று பார்த்தபடி
உழாமல் கிடக்கும் ஒரு தார்வயல்.
ஐந்து நிமிடம். ஆறு.
பிறகுதான் உறைத்தது,
விளக்கு பழுது.

பத்திரிகை வண்டி தள்ளும் பையன்
காதில் பாட்டோடு
இடமும் பாராமல் வலமும் பாராமல் குறுக்கே போனான்.
அவனைக் கண்ட பிறகே
இரண்டு வளர்ந்தவர்களும் கால் வைத்தோம்.
நடுத்தெருவில் சந்தித்து
களவெடுத்தவர்கள்போல் சிரித்துக்கொண்டோம்.
அவர் தொப்பியைத் தொட்டார்.
அந்தத் தகட்டை மட்டும்
இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் இரவு மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.
லிஃப்ட் வேலை செய்தது, படியில்தான் போனேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.
தொட்டியைத் தேய்த்து, குழாயைத் துடைத்து,
கதவுப்பிடி இரண்டு தரம்.
மணிக்கூடு மூன்று ஏழு காட்டியது.
மூன்று மணிக் கட்டத்தில்
மூன்று ஏழு என்றே எழுதினேன்,
சுழிப்பில்லாமல், கொஞ்சம் கோணலாய்.

செலாம் வாளியோடு பின்னால் நின்றாள்.
எப்போது வந்தாளோ தெரியாது.
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
நாலு மணிக் கட்டம் வெறுமையாய் இருந்தது.
அதைத்தான் இருவரும் பார்த்தோம்.
இன்னும் ஐம்பத்து மூன்று நிமிடம்.