கவிழ்த்துப் போட்ட கல்

தார் ரோடு ஊர்க்கடைசி மின்கம்பத்தோடு நின்றுவிடும்.
அதற்கப்புறம் ஓடை.
ஓடைமேல் ஒரு கல்.
அதற்கப்புறம் நாங்கள்.

ஏழடி நீளக் கல்.
பால் கேன் கட்டிய மொபெட் தாங்கும்.
வலியெடுத்த சென்னம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு
நாலு பேர் ஓடியபோதும் தாங்கியது.
ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது.

பாலம் கேட்டுப் பதினாறு மனு.
நிதி இல்லை.
ஓடை எந்தக் கணக்கிலும் இல்லை.
ஒருமுறை மட்டும்
பாலம் கட்டி முடிந்தது என்று பதில் வந்தது,
செலவான தொகையோடு.

அரூரிலிருந்து வந்த கல்லூரிப் பையன்
ஓடையில் விழுந்த செருப்பை எடுக்கக் குனிந்தான்.
கல்லின் அடியிலிருந்து ஒரு முகம்
அவனைப் பார்த்தது.

கையில் வாள், விலாவில் அம்பு,
காலடியில் ரெண்டு மாடு.
தொறு மீட்டுப் பட்டவன்,
ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும் என்றார்கள்.
அவன் எழுதியது ஒரே கடிதம்.
பதினோராம் நாள் கிரேன் வந்தது.
அவ்வளவு பெரிய வண்டி
எங்கள் ஓடைவரைக்கும் வர முடியும் என்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அருமை தெரியாமல் மிதித்திருக்கிறார்கள் என்று
பேப்பரில் போட்டிருந்தது.

மிதிக்கவில்லை சார்.
ஏரி உடைந்த வருஷம் முள்ளுக்குள் கிடந்ததை
என் அப்பாவும் பொன்னுரங்கமும் உருட்டி வந்தார்கள்.
முகம் இருக்கிறதே என்று
கவிழ்த்துப் போட்டார்கள்.
அதனால்தான் சார் அந்த மூக்கு தேயவில்லை.

கல்வெட்டில் பெயர் பாதி சிதைந்திருக்கிறது,
சாதி எழுதவே இல்லை.
ஆனாலும் அந்த வாரமே ஊரில் ஃபிளெக்ஸ்:
எங்கள் குலத்து மாவீரன்.
தர்மபுரி மியூசியத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று மறியல்.
பஸ் ஸ்டாப் பக்கத்தில் கான்கிரீட் மேடை,
தகரக் கூரை, டைல்ஸ், கம்பிக் கதவு.
ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஓடையில் இப்போது ரெண்டு பனைமரம் போட்டிருக்கிறோம்.
மழை பெய்தால் வழுக்கும்.
மாதேசு மகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தபடியே நகர்ந்து வருகிறாள்.

நேற்று பஸ்ஸுக்கு நின்றபோது எட்டிப் பார்த்தேன்.
கதவு பூட்டியிருந்தது. சாவி ஊரில்.
மாலை, சந்தனம், குங்குமம்.
மாட்டின் வயிற்றுக்கும் அவன் முழங்காலுக்கும் நடுவே
எங்கள் ஓடைப் பாசி
கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.
துடைக்க மறந்திருக்கிறார்கள்.