சனிக்கிழமைச் செக்ரோல்

இராகலைக்கு மேலே
கைவிடப்பட்ட ஏழாம் நம்பர் மலையில்
தேயிலைத் தூரைத் தோண்டிப் போட்டுவிட்டு
லீக்ஸ் வைத்தோம், கேரட் விதைத்தோம்,
முப்பத்தொரு குடும்பத்துக்கும் பொதுவாய்.

பொறுப்புகளைப் பிரித்த கூட்டத்தில்
எருவுக்கு ஆள் இருந்தது.
உண்டியல் சாவிக்கு மூன்று பேர் சண்டை.
"பிள்ளைகள் பாதுகாப்பு" என்ற வரிக்கு எதிரே
இடம் வெறுமையாய்க் கிடந்ததாம்.
நான் பிந்திப் போனேன்.
ரெஜினாமேரி என்று எழுதிவிட்டார்கள்.

நுவரெலியாவில் ஒருநாள் பயிற்சி.
பகல் சோறும் ஒரு ஃபைலும் தந்தார்கள்.
திரும்பி வந்ததும்
மருந்து அறைக்குப் பூட்டு வாங்கினேன்.
முள்ளுகளையும் கத்திகளையும் எண்ணி வைத்தேன்.
கொட்டகை ஜன்னலை மறைத்த தகரத்தைக் கழற்றினேன்.
சனிக்கிழமை வரும் பிள்ளைகளின் பெயர்களைப்
பழைய செக்ரோல் புத்தகத்தில் ஏற்றினேன்.
பெரியவர் ஒருத்தரும் பிள்ளை ஒன்றும்
தனியே எங்கும் போகக்கூடாதென்று
டின் மூடியில் எழுதித் தொங்கவிட்டபோது
சிரித்தார்கள்:
"நம்ம புள்ளைங்க, நம்ம ஆளுங்க,
இதுல என்னா காவல்?"

பன்றிக்கு வேலி போட்டபோது
யாரும் சிரிக்கவில்லை.

மாசி மாதம். வாய் திறந்தால் புகை வரும் காலை.
பத்து வயது, பெயர் எழுத மாட்டேன்.
களை பிடுங்கியபடி நிமிராமல் கேட்டாள்:
"அக்கா, ஒன்னு சொன்னா
யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?"

மாட்டேன் என்பது எவ்வளவு சுலபம்.
நாக்கின் நுனிவரை வந்துவிட்டது.
"அப்படிச் சத்தியம் பண்ண ஏலாதும்மா.
ஒன்னப் பாத்துக்க வேண்டியவங்ககிட்ட
சொல்லித்தான் ஆகணும்.
ஆனா நீ சொல்றத நான் நம்புவேன்."

அவள் களை என்று ஒரு கேரட்டைப் பிடுங்கிவிட்டாள்.
விரல் அளவுதான்.
மறுபடி மண்ணில் ஊன்றப் பார்த்தாள்,
சாய்ந்துகொண்டே இருந்தது.
பிறகு சொன்னாள்.

ஏன் என்று கேட்கவில்லை.
எத்தனை தடவை என்று கேட்கவில்லை.
கேட்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.
கொட்டகைக்குப் போய்
அவள் சொன்ன ஒன்பது சொற்களை
அவள் வைத்த வரிசையிலேயே எழுதினேன்.
பிழைபோல் தெரிந்த இடத்தையும் திருத்தவில்லை.
தேதி. நேரம். கையெழுத்து.

அந்த ஒன்பதும் இங்கே வராது.
கவிதைக்கு அவற்றில் பாத்தியதை இல்லை.

பத்தொன்பது இருபத்தொன்பது.
யாரோ பிறந்த வருசம்போல ஓர் இலக்கம்.
முதலில் சிங்களத்தில் ஒரு குரல்,
காத்திருக்கச் சொல்லித் தமிழில் இன்னொன்று.
என் கை ஃபோனைப் பிடித்திருந்ததா
ஃபோன் என் கையைப் பிடித்திருந்ததா தெரியாது.

அந்த ஆள்தான்
பீலியிலிருந்து அறுநூறு அடிக்குக்
குழாய் இழுத்துத் தந்தவர்.
பொலிசும் நன்னடத்தை அதிகாரியும் வந்துபோன இரவு
கொமிட்டி கூடியது.
தலைவர் சவரிமுத்து நெடுநேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு,
"அப்ப தண்ணிக்கு என்னா செய்றது?" என்றார்.
அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டேன்.
தேதி. நேரம்.

மறுநாள் அவருடைய மச்சான்
குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.
இப்போது வாளியில் சுமக்கிறோம்.
லீக்ஸ் நுனி மஞ்சள் கட்டிவிட்டது.
என்னைக் கடக்கும்போது சிலருக்குக்
கானில் பார்க்க ஏதோ இருக்கிறது.
சவரிமுத்து மட்டும் ஒன்றும் பேசாமல்
இரண்டு வாளி கூடுதலாகச் சுமக்கிறார்.

ஐந்தாம் சனிக்கிழமை
அவள் அம்மாவோடு வந்தாள்.
என் பக்கம் திரும்பவில்லை.
நான் சொல்லிவிட்டவள்.
தூரத்துப் பாத்தியில் போய்க் குந்தி
முதுகைக் காட்டிக்கொண்டு களை பிடுங்கினாள்,
கேரட் ஒன்றையும் தொடாமல், மிகக் கவனமாக.

அரை மணி நேரம்தான் இருந்தாள்.
செக்ரோலைத் திறந்து
முழுப்பேர் போட்டேன்.