முப்பத்தைந்துக்குப் பக்கத்தில்

இடப்பக்கம் சரிந்து படுத்திருக்கிறாள் யசோமதி,
கை தலைக்கடியில்.
ஜெல் குளிருது என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
கிளிநொச்சி ஆசுப்பத்திரியின் எக்கோ அறைக்கு
யன்னல் இல்லை. ஏசி பழுது.
திரையில் மட்டும் ஒரு சாம்பல் வெளிச்சம்;
அதற்குள் அவளின் இடது கீழறை
அரைமனதாய்ச் சுருங்கி விரிகிறது.

கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி எழுதியிருந்தது.
மிசின் வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள்.
முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில்
நகமளவு செல்துண்டு.
காந்தத்துக்கு முன்னால் அது என்ன செய்யும் என்று
பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட ஆளில்லை.
"வேலை பழக்கின முதல்நாள்
டிடெக்டரை என்ர முதுகில பிடிச்சுப் பாத்தவை.
கத்திச்சு. எல்லாரும் சிரிச்சம்."
அம்பகாமத்தில் கண்ணிவெடி எடுக்கிறவள்.
இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு
மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது.

ஆகவே நான்தான், இந்தக் கையால்தான்.
"மூச்சை வெளிய விட்டிட்டு அப்பிடியே நில்லுங்கோ."
படத்தை நிறுத்துகிறேன்.
நிறைந்து நிற்கும் கணத்தில் ஒரு கோடு,
சுருங்கி முடிந்த கணத்தில் இன்னொன்று.
வால்வின் ஓரத்தில் தொடங்கி
சுவரோடு சுவராய்ப் புள்ளி வைத்து ஏறி
நுனியைச் சுற்றி மறுகரையால் இறங்கவேண்டும்.
பக்கச்சுவர் ஓரிடத்தில் தெரியவில்லை.
விலா எலும்பின் நிழல்.
அங்கே கோடு என் ஊகம்.

கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.
"நாங்களும் உப்பிடித்தான் மிஸ்,
செந்தலைக் கம்பு நட்டுக்கொண்டு போறது.
ஆனா தெரியாத இடத்தில
ஊகிக்க விடமாட்டினம்."

மிசின் கோட்டை வாங்கி
அறையை இருபது தட்டாய் வெட்டுகிறது,
இடியாப்பத் தட்டுகள் மாதிரி
ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிக் கூட்டுகிறது:
நிறையும்போது நூற்று அறுபத்தெட்டு மில்லிலீற்றர்,
சுருங்கியபின் நூற்றொன்பது.
முப்பத்தைந்து வீதம்.
திரும்ப வரைந்தேன். முப்பத்தேழு.

முப்பத்தைந்தும் அதற்குக் கீழும் என்றால்
நெஞ்சுக்குள் கருவி வைக்க யாழ்ப்பாணத்துக்கு எழுதுவார்கள்.
மேலே என்றால் அதே குளிசை, இன்னும் மூன்று மாதம்.
இரண்டுக்கும் நடுவில்
அந்த நிழலும் என் மணிக்கட்டும்.

"நூறுக்கு முப்பத்தைஞ்சோ? அப்ப ஒரு எஸ்.
ஓ.எல்.லில கணக்குக்கும் எனக்கு அதுதான்."
நூறு ஒருத்தருக்கும் வராது என்றேன்.
எனக்கும் அறுபதுக்குக் கிட்டத்தான்.
"அப்ப மிச்சம்?"
உள்ளேயே நிற்கும்.
அடுத்தமுறை வருவது அதன்மேல் வந்து நிறையும்.
"ஓ," என்றாள்.
கொஞ்சநேரம் மிசினின் விசிறிச் சத்தம் மட்டும்.

"இன்னொருக்கா வரையுங்கோ மிஸ்.
ரெண்டரை பஸ் போகட்டும்."

ஜெல்லை இன்னும் கொஞ்சம் பிதுக்கி
கருவியை ஒரு விலா கீழே இறக்கினேன்.
சரித்தேன். கொஞ்சம் அழுத்தினேன்.
நோகுதோ என்றேன்.
தேடுங்கோ என்றாள்.