பார் ஐஸ்

கம்ப்ரஸர் படுத்துவிட்டது,
ஜெர்மனியிலிருந்து ஆள் வருமென்றார்கள்.
வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும்,
இடது முழங்காலில் பூரான் போல் தையல்.
பெயர் வெரோனிகா.
'எங்க தெருவுலயே மூணு வெரோனிகா இருக்காங்கோ'
என்றான் தேசிங்கு.
அத்தோடு அவள் காசிமேட்டுக்காரி ஆனாள்.

மூன்று நாள் அம்மோனியா நெடியில் கிடந்தாள்.
நாலு மணி டீக்குத்தான் வாய் திறப்பாள்.
பதினோரு வருஷம் பனியில் சறுக்கியவளாம்,
நேராக இல்லை,
கம்பத்துக்குக் கம்பம் வளைந்து வளைந்து
அறுபது வாசல், ஐம்பது விநாடி.
'கம்பத்துல இட்ச்சா அவுட்டா?'
என் அரைகுறை இங்கிலீஷில் கேட்டுச் சொன்னேன்:
இடிக்கலாம்.
இடித்துக்கொண்டுதான் போகவேண்டும்
காலெலும்பால், முஷ்டியால்.
வாசலை விட்டால்தான் போச்சு.

தொண்ணூற்று நாலு போட்டி.
ஐம்பத்தொன்றில் கீழே வந்து சேரவேயில்லை.
ஒரு தடவை நாலாம் இடம்:
ஒரு விநாடியை நூறாக நறுக்கினால்
அதில் ஏழு துண்டு குறைச்சல்.
தேசிங்கு ஐஸ் கொத்தும் ஊசியைப் பார்த்துக்கொண்டான்,
அவ்வளவு சின்னதாய் அவன் எதையும் நறுக்கியதில்லை.

நான் கணக்கெழுதுகிறவன்.
வந்து சேராததை எங்கே எழுதுவார்கள் என்றேன்.
பெயர் இருக்கும், எதிரே நேரம் இருக்காது என்றாள்.
எங்கள் பேரேட்டில்
ஏற்றிய பார் உண்டு
சறுக்குப்பலகையில் உடைந்த பார் உண்டு
போட்டுக்குப் போகும் வழியில் உருகினதுக்குக்
கட்டம் போடவில்லை யாரும்.

நாலாம் நாள் விடியுமுன்
முதல் பார் டின்னிலிருந்து கழன்று
பலகையில் இறங்கியது.
அந்தச் சத்தத்துக்கு
அவள் முழங்கால்கள் தாமாக மடங்கின,
இடம், வலம், இடம்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள்.
குந்தி உட்கார்ந்து பாரைத் தடவினாள்.
மெத்தென்ற பனி சுற்றுலா வருகிறவர்களுக்கு,
எங்களுக்கு ராவெல்லாம் தண்ணீர் ஊற்றி
இதைப் போல இறுக்கித் தருவார்கள் என்றாள்.
'அப்ப அங்கியும் நம்ம வேலதான்'
தேசிங்குக்கு ஏக சந்தோஷம்.
தண்ணீர் ஊற்றியவனின் பெயரைக் கேட்கச் சொன்னான்.
அவளுக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்தும் பார்த்தாள்.

ஏலம் தொடங்கிவிட்டது.
கையில் பெட்டியோடு கிளம்பினாள்:
மீன்பாடி வண்டி, வஞ்சிரக் குவியல்,
கால் நீட்டி உட்கார்ந்த வியாபாரிகள்,
வழுக்கும் செதில் தரை,
'வழி வழி வழி'.
தையல் போட்ட காலை முன்னால் விட்டு
ஒவ்வொரு சந்தாகப் பிடித்துப் போனாள், வேகமாக,
எண்ணூர் ரோட்டில் நிற்கும்
கண்டெய்னர் லாரிகள் வரைக்கும்.

நடுவில் சங்கராக் கூடை ஒன்று
அவள் காலில் பட்டுச் சாய்ந்தது.
'கண்ணு இன்னா பொடனியிலயா கீது?'
கூடைக்காரி கத்தினாள்.
இடிக்கலாம் என்பது
அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்.