பதினெட்டாவது வளைவு

பாரிஸில் நள்ளிரவு அடித்தால் சலுகை முடிந்துவிடும்.
ஏற்காட்டில் அப்போது விடிகாலை மூன்றரை.
கணக்குப் போட்டுச் சொன்னவர் பெலவேந்திரன்,
எஸ்டேட் கணக்கர். கடன் அட்டையும் அவருடையதுதான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
ஒரு கரண்டிக் காபியை உறிஞ்சி
அது எந்தச் சரிவில் காய்த்தது என்று சொல்வது.
அதை ஆம்ஸ்டர்டாமுக்கே வந்து சொல்லச் சொல்கிறார்கள்,
வாங்குகிறவர்கள்.

பாரிஸ் வரைக்கும் விமானம். அங்கிருந்து ரயில்.
மூன்று மணி இருபது நிமிஷம்.
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர்.
"தண்டவாளம் எங்கயும் வளையாதாங்க?"
"வளைஞ்சா முந்நூறு போகுமா?" என்றார்,
ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

ஆபீஸில் தரைவழி போன் உண்டு,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இணையமும் உண்டு.
செல்போனுக்குத்தான் ஒரு கோடும் இல்லை,
போன வாரக் காற்றில் டவர் படுத்ததிலிருந்து.
ஓடிபி வேண்டுமென்றால்
பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்கு இறங்க வேண்டும்.
தடுப்புச் சுவரில் ஏறி நின்றால்
கீழே சேலத்து வெளிச்சம் தெரியும்,
சிக்னலும் அதோடு ஏறி வரும்.
இரண்டே முக்காலுக்குக் கிளம்பினார்.
ஸ்கூட்டரின் சிவப்பு விளக்கைப்
பனியும் சில்வர் ஓக்கும் பங்கு போட்டுக்கொண்டன.

நான் கட்டங்களை நிரப்பினேன்.
பயணிகள்: ஒன்று.
குடும்பப் பெயர் இல்லாமல் நகர மாட்டேன் என்றது திரை.
ஒற்றை எழுத்தில் ஒடுங்கிக் கிடந்த அப்பாவை
எழுப்பி முழுசாக உட்காரவைத்தேன்: சவரிமுத்து.
ஜன்னலா, நடைபாதையா?
ஜன்னல்.
போகும் திசை பார்த்தா, முதுகு காட்டியா?
மலை பஸ்ஸின் கடைசி சீட்டிலேயே தூங்குகிறவளிடம்
கேட்கிற கேள்வியா இது.
லோயர் பெர்த் இருக்கிறதா என்றும் தேடினேன்.
பழக்கதோஷம்.

முப்பத்தைந்து யூரோ.
உங்கள் இருக்கை பத்து நிமிஷம் காத்திருக்கும் என்று
ஒரு குட்டிக் கடிகாரம் தேயத் தொடங்கியது.

மூன்று பத்துக்கு போன் அடித்தது.
"வந்துட்டேன். அமுக்குங்க."
அமுக்கினேன்.
"ஆங், வந்துருச்சு. ஏழு. நாலு. நாலு."
அப்புறம் மூச்சு.
"சொல்லுங்க சார்."
மூச்சுதான். அவருடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது.

"காட்டுமாடு."
காற்றைவிட மெல்லிசாக வந்தது குரல்.
"ரோட்டு நடுவுல. ஸ்கூட்டரை மோந்து பார்க்குது."
"மிச்சம் மூணு நம்பர் சார்."
"சத்தமா சொல்ல முடியாதும்மா."
"மெதுவாச் சொல்லுங்க."
திரையில் நாற்பது விநாடி.
பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலிட்டவர் போல
ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து இறக்கினார்.
ஒன்று.
ஒன்பது.
"ஆறா, ஏழா? கேக்கலை."
ஆறு.

பதினாறாம் பெட்டி, இருக்கை அறுபத்தொன்று.
டிக்கெட் என்று வந்தது ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரம்,
மழை வருதென்று அவசரமாய்ப் பாதி வாரிய
காபிக் களம் மாதிரி.
அதைக் காட்டினால் கதவு திறக்குமாம்.
யாரும் பேர் கேட்க மாட்டார்களாம்.
அப்பாவை எழுப்பியது வீண்.

ஐந்து மணிக்குத்தான் பெலவேந்திரன் திரும்பினார்.
மூன்று கிலோமீட்டர்.
இதற்குள் அந்த ரயில் பிரஸ்ஸல்ஸைத் தாண்டியிருக்கும்.
பேன்ட் முட்டிவரை ஈரம், கையில் ஒரு சிராய்ப்பு.
நாகலூர்ச் சரிவுக் கொட்டையில் காபி போட்டுக் கொடுத்தேன்.
குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார்.
பிறகு போனை எடுத்து
இன்னொரு டிக்கெட்டைத் தட்டிப் பார்க்கப் போனார்.
இங்கே சிக்னல் கிடையாதே என்பது
அவருக்கே அப்போதுதான் உறைத்தது.
வளைவில் நின்றபோது பார்த்ததைச் சொன்னார்:
சேலத்திலிருந்து சென்னைக்கு
இன்னும் வெயிட்டிங் லிஸ்ட், இருபத்து மூன்று.

"மாடு எப்பங்க போச்சு?"
"அது எங்க போச்சு.
நான்தான் வண்டியைத் தள்ளிக்கிட்டு
அதைச் சுத்தி வந்தேன்."